பழவேற்காட்டுப் பங்கு முதல் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் வரை

நம் கல்லூரிக்கு நான் வரும்போதெல்லாம் மாணவத் தம்பிகளும் தங்கைகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணா, ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கணும். பணம் எங்கே கிடைக்கும்?" மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் இதற்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இந்தக் கேள்விக்கு நானூறு வருடச் சரித்திரம் உண்டு. அதில் இரண்டு அத்தியாயங்கள், நான் வேலை பார்க்கும் காட்டுப்பள்ளிக்கு வடக்கே, இதே கடற்கரையில் நடந்தவை.

காட்டுப்பள்ளியிலிருந்து வடக்கே போனால் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்திருப்பீர்கள். 1613இல் அவர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர் அது. வந்தவர்கள் ராஜாவின் ஆட்கள் அல்லர், ஒரு கம்பெனியின் ஆட்கள். 1602இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, ஊரில் யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம் என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தது. சுமார் 64 லட்சம் கில்டர் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டார்கள். அவர்களில் பெரிய வியாபாரிகளும் உண்டு, வீட்டு வேலை செய்த பெண்ணும் உண்டு.

பத்து வருடம் கழித்துக் கணக்கு முடித்து, வேண்டியவர்கள் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. 1612இல் கம்பெனி அதைத் தரவில்லை. "உனக்குப் பணம் வேணும்னா உன் பங்கை வேற ஒருத்தருக்கு வித்துக்கோ" என்று ஆகிவிட்டது. முதல் லாபப் பங்கைக்கூட 1610இல் காசாகத் தராமல் ஜாதிபத்திரியாகத் தந்தார்கள்! ஆனால் கப்பலும் கோட்டையும் பத்து வருடத்தில் பலன் தருபவை அல்ல. திருப்பித் தர வேண்டாத முதல் இருந்ததால்தான் பழவேற்காடு போன்ற ஊரில் கோட்டை எழுந்தது. அந்தக் கோட்டையைத் தலைமையிடமாக வைத்துச் சோழமண்டலக் கரையின் துணியை மசாலாத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். லாபத்தை வாங்கியவர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. தூரத்திலிருந்து போடும் பணத்துக்கு இப்படியொரு குணம் உண்டு. துறைமுகத்துக்காக இடம் மாறிய காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

நம் காலத்துக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே தொழிலுக்குப் பணம் என்றால் கடன்தான். 1949இல் இன்றைய தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் வந்தது. 1965இல் டிட்கோ, 1971இல் சிப்காட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கொட்டகை போட்டு மெஷின் இறக்கிய நம் சீனியர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்தான். நிலம், கட்டடம், மெஷின் எல்லாம் ஈடு, மாதாமாதம் வட்டி. லேத் வாங்கினால் அடுத்த மாதமே ஜாப் ஒர்க் வரும், வட்டி கட்டிவிடலாம். அந்தத் தொழிலுக்கு அது சரியான பணம்தான்.

ஆனால் கையில் ஒரு டிசைன் மட்டும் இருந்தால்? 1980களின் கடைசியில் நானும் என் வகுப்புத் தோழனும் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கான திட்டத்தோடு ஒரு நிதி நிறுவனத்துக்குப் போனோம். அதிகாரி கோப்பைப் பிரிக்கவேயில்லை. "ஈடு என்ன தம்பி இருக்கு?" என்றார். அவ்வளவுதான், டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

ஈடு கேட்காமல் பங்கு கேட்கும் முதல், அதாவது வென்ச்சர் கேபிடல், நம் நாட்டில் முறையாக வந்தது 1988 வாக்கில். ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் சேர்ந்து அதற்கென ஒரு கம்பெனி தொடங்கின. இதன் கணக்கு எளிது. உங்கள் கம்பெனியின் மதிப்பு 4 கோடி என்று பேசி ஒருவர் 1 கோடி போட்டால் மொத்தம் 5 கோடி. அவர் பங்கு 20 சதவீதம். கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் மூழ்கும், உங்கள் வீட்டை ஏலம் போட மாட்டார். ஆனால் ஒன்றைத் தம்பிகள் கவனிக்க வேண்டும். அந்த நிதிக்குப் பணம் தந்தவர்களுக்கும் பெரும்பாலும் பத்து வருடக் கெடு உண்டு, பழைய டச்சுக்காரர் மாதிரியே! சென்னையில் 2010இல் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் 2011இல் ஆக்சலிடம் முதல் பணம் வாங்கியது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது 2021இல். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பத்து வருடம். அவர் முன்பு வேலை பார்த்த ஜோஹோவோ 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கியது முதல் வெளியார் முதலை வாங்காமல், சரக்கு விற்ற காசிலேயே வளர்ந்தது. இரண்டும் நம்மூர்க் கம்பெனிகள்தான், இரண்டும் ஜெயித்தவைதான்.

இனி ராக்கெட். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2024 மே 30 காலை அக்னிகுல் என்ற கம்பெனியின் சிறு ராக்கெட் கிளம்பியது. ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் சக்கரவர்த்தியின் துணையோடு 2017இல் தொடங்கிய கம்பெனி அது. ஸ்ரீநாத் அதற்கு முன் நிதித் துறையில் வேலை பார்த்தவர். தனியார் ராக்கெட் விட அனுமதி உண்டா என்பதே அன்று தெளிவில்லை. விண்வெளித் துறையை அரசு தனியாருக்குத் திறந்தது 2020இல்தான்.

இவர்கள் பணம் வாங்கிய வரிசையைத்தான் நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. 2020இல் 23.4 கோடி ரூபாய். 2021இல் 1.1 கோடி டாலர். 2023இல் 2.67 கோடி டாலர். முழுத் தொகையையும் முதல் நாளே யாரும் தரவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் ஒரு சந்தேகம் தீர்ந்தது. இஸ்ரோவின் வசதிகளைப் பயன்படுத்த ஒப்பந்தம் வந்தது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த இன்ஜின் வந்தது. நூற்றுக்கணக்கான பாகங்களைப் பற்றவைத்துச் சேர்க்கும் வேலை மிச்சம் என்பதால் காலமும் செலவும் குறையும். 2022இல் ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ளேயே சொந்த ஏவுதளம் வந்தது. சந்தேகம் குறையக் குறைய கம்பெனியின் மதிப்பு ஏறும்; அப்போது அதே பணத்துக்குக் குறைந்த பங்கை விட்டுக் கொடுத்தால் போதும். முதல் நாளே முழுப் பணமும் வாங்கினால் பாதிக் கம்பெனி கையை விட்டுப் போயிருக்கும்.

நாலு தடவை தள்ளிப்போன பிறகுதான் அந்த ராக்கெட் ஏறியது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் சம்பளம் ஓடும். கையில் 60 லட்சம், மாதச் செலவு 5 லட்சம் என்றால் ஆயுள் 12 மாதம். பேச்சுவார்த்தைக்கே ஆறு மாதம் போய்விடும் என்பதால், ஆறாவது மாதமே அடுத்த தவணைக்கு அலைய ஆரம்பிக்க வேண்டும்.

இன்று ஆரம்பப் பணத்துக்கு அலைச்சல் குறைவு. மத்திய அரசின் விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்து காட்ட 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மாநில அரசின் டான்சீட் 10 லட்சம் ரூபாயிலிருந்து தருகிறது. பதிலுக்கு அரசும் சிறு பங்கு எடுத்துக்கொள்ளும். விண்ணப்பம் போடும் முன் மூன்று வருட வரவு செலவுக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு ஆள் பார்த்தால் தேவலை என்று தோன்றினால் சங்க அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.