கோட்டுக்கு உள்ளே யார்?

கோலா தஹானில் படகேறி ஆற்றைக் கடந்தால் தாமான் நெகாரா. இந்தக் கரையில் கிராமம், மிதக்கும் உணவகங்கள். அந்தக் கரையில் பூங்கா. இப்படி ஒரு கோட்டை யார் போட்டது?

தியோடர் ஹப்பாக் தோட்டக்காரராக இருந்தவர். யானையும் செலாடாங்கும் சுட்டுப் பேர் எடுத்தவர். பிறகு அதே விலங்குகளுக்காக வாதாடத் தொடங்கினார். 1925இல் குனோங் தஹானைச் சுற்றி ஒரு வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்றும் தனித்தனியே சட்டம் போட்டன. 4,343 சதுர கிலோமீட்டர் காடு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா ஆனது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இன்றைய பெயர்.

அந்தக் கோட்டுக்குள் ஏற்கெனவே பாத்தேக் மக்கள் இருந்தார்கள். கிழங்கு தோண்டி, பிரம்பு வெட்டி, இடம் மாறி வாழ்பவர்கள். பூங்கா அவர்களை இருக்க விட்டது. நிலம் அவர்களுடையது என்று எழுதித் தரவில்லை.

2005இல் தேசிய நிலவமைப்புத் திட்டம் வந்தபோது கோடு போடும் வேலையில் ஜிஐஎஸ்ஸும் சேர்ந்துகொண்டது. மலையின் உயரம், ஆறு, காடு, நிலப் பயன்பாடு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் கணினி வரைபடம். சூழல் முக்கியத்துவம் உள்ள இடங்கள் மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டன. முதல் தரத்தில் விவசாயம் இல்லை, மரம் வெட்டக் கூடாது. ஆய்வும் கல்வியும் காட்டைக் கெடுக்காத சுற்றுலாவும் மட்டும். துண்டான காடுகளை இணைக்க 37 இடங்களைப் பிறகு வந்த இன்னொரு திட்டம் குறித்தது. அதில் ஒன்றான சுங்கை யூவில், விலங்குகள் கீழே நடந்து போகட்டும் என்று நெடுஞ்சாலையைப் பாலமாகத் தூக்கிக் கட்டினார்கள்.

எல்லா இடத்திலும் இது நடக்காது. நிலமும் காடும் மாநில அரசின் கையில். திட்ட வரைபடத்தின் பச்சை நிறம் கேட்டுக்கொள்ளும், கட்டளையிடாது.

அந்தத் தரங்கள் இன்னொன்றையும் சொல்வதில்லை. எங்கே என்ன செய்யலாம் என்கின்றனவே தவிர, அது யாருடைய இடம் என்று சொல்வதில்லை. பயணிகள் படகில் போய் பாத்தேக் மக்கள் தீ மூட்டுவதையும் ஊதுகுழல் ஊதுவதையும் பார்த்துத் திரும்புகிறார்கள். சுற்றுலா அட்டவணையில் அவர்களுக்கு இடம் இருக்கிறது.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. தோட்டம் கைமாறும்போது லயத்தில் இருப்பவர்களை யார் கேட்டார்கள்?

இப்போது சில ஓராங் அஸ்லி கிராமங்கள் ஜிபிஎஸ் கருவியோடு காட்டுக்குள் நடந்து, பழ மரங்களையும் புதைகுழிகளையும் ஓடைகளின் பெயர்களையும் தாங்களே குறிக்கின்றன. அடுத்த திட்டம் போடும் மேசையில் அந்த அடுக்கும் இருக்க வேண்டும்.