சக்கர நாற்காலிப் பராமரிப்பு

கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் முன்பக்கச் சிறு சக்கரங்களே. தலைமுடியும் நூலும் அச்சில் சுற்றிச் சுற்றி இறுகிவிடும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், உருட்டுபவரின் தோள் வலிக்கும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோலால் வெட்டி, இடுக்கியால் பிடுங்கி எடுத்தால் போதும். முடி உள்ளே புகுந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

காற்றடைத்த டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் 5 மி.மீ.க்கு மேல் அமுங்கக் கூடாது. பெரும்பாலான நாற்காலிகளில் பிரேக் டயரையே அழுத்திப் பிடிப்பதால், காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது. கட்டிலுக்கு மாறும் நேரத்தில் இது ஆளையே விழவைக்கும். கைப்பிடி ரப்பர் கிழிந்தால்கூடப் பொறுக்கலாம், இதைப் பொறுக்கக் கூடாது.

சட்டத்தைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். குழாயால் நீரைப் பீய்ச்சினால் பேரிங்கில் துரு ஏறும். சமையல் எண்ணெய் விடுவதும் தவறு, தூசியை ஒட்டவைக்கும்.

மெத்தை உறையைத் துவைத்து நன்கு காயவைத்தே மாட்டவேண்டும். ஈரமும், அமுங்கித் தட்டையான பஞ்சும், உணர்வற்ற உடலில் படுக்கைப்புண்ணுக்கு வழிவிடும்.