எல்லைக்கோட்டில் நின்ற பசி – 9: காகிதம் போன ஊருக்கு அட்டை போகவில்லை

விவியன் தாம்ப்ஸனின் வழக்கைச் சென்ற வாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தொங்கலில் விட்டிருந்தோம்.

வயது பத்தொன்பது. இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. 1966 ஜூனில் மாசசூசெட்ஸின் டார்செஸ்டரிலிருந்து கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டுக்குத் தாயைத் தேடி வந்தவர். ஆகஸ்டில் தாயால் தாங்க முடியாமல் போகவே தனி வீட்டுக்குக் குடிபோனார். குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவிக்கு மனுப் போட்டார். நவம்பரில் பதில் வந்தது: நீங்கள் கனெக்டிகட்டுக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை, ஆகவே உதவி கிடையாது.

அவர் பசியோடு இருந்தாரா, குழந்தைக்குப் பால் இருந்ததா என்பதெல்லாம் அந்தப் பதிலில் கேள்வியே இல்லை. மாநில எல்லையை எந்தத் தேதியில் தாண்டினார் என்பது ஒன்றுதான் கேள்வி.

1968 மே மாதம் வாதம் முடிந்தது. கோடை விடுமுறைக்கு முன் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. மறுபடி வாதிடுங்கள் என்று நீதிமன்றம் வழக்கை அக்டோபருக்குத் தள்ளியது. இம்முறை ஏழைகளின் பக்கம் எழுந்து நின்றவர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ். ஐந்தாண்டு கழித்து வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் நிக்ஸனுக்கு எதிராக உறுதியாக நின்று பதவியிழந்தாரே, அதே காக்ஸ்.

மாநிலங்களின் வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. எங்கள் கஜானா எங்கள் மக்களுக்கானது, நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்தால் எப்படித் திட்டமிடுவது என்றார்கள். ஒருவர் உண்மையிலேயே இங்கே குடியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க ஓராண்டு நிபந்தனை எளிய வழி, இரண்டு மாநிலங்களில் கை நீட்டும் மோசடியையும் அது தடுக்கும் என்றார்கள். பட்ஜெட் போட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் நியாயமாகவே படும்.

ஆனால் அந்த எளிய வழி என்ன செய்தது என்று பாருங்கள். இதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட தலைநகர் வாஷிங்டன் வழக்கில் ஒரு பெண்மணி இருந்தார். 1941 மார்ச்சில் அந்நகரத்துக்கு வந்தவர். அடுத்த மாதமே அங்குள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1965-இல், இனி இவர் வெளியே போகலாம், ஒரு பராமரிப்பு இல்லத்தில் வாழலாம் என்று முடிவாயிற்று. அதற்கு உதவித்தொகை வேண்டும். அதிகாரிகள் மறுத்தார்கள். மருத்துவமனைக்குள் கழிந்த ஆண்டுகள் அந்நகரத்தில் குடியிருந்த கணக்கில் சேராதாம். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரே நகரத்தில் இருந்தவர், சட்டத்தின் கண்ணுக்கு நேற்று வந்தவரை விடவும் அந்நியராகிவிட்டார்.

1969 ஏப்ரல் 21. தீர்ப்பு வந்தது. ஆறுக்கு மூன்று. ஓராண்டு நிபந்தனை செல்லாது!

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிரென்னன். ஏழைகள் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு தடை போடுவதை அரசியல் சாசனம் ஏற்காது என்றார். அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது என்று ஒரு தாய் மாநிலம் மாறினால் அவளை யாரும் குறை சொல்வதில்லை. உதவித்தொகை கொஞ்சம் கூடுதல் என்பதையும் எண்ணிப் பார்த்து இன்னொரு தாய் மாறினால், அவள் மட்டும் எப்படித் தகுதி குறைந்தவள் ஆவாள்? இந்தப் பொருளில் அவர் கேட்டார். ‘உதவிக்காகவே வருகிறவர்கள்’ என்ற ஏச்சுக்கு அமெரிக்காவில் அதுவரை யாரும் இவ்வளவு நேரடியாகப் பதில் சொன்னதில்லை என்றே நினைக்கிறேன்.

எதிர்த்து எழுதிய மூவரில் ஒருவரின் பெயர் பலரைத் திகைக்க வைத்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த தீர்ப்பை வழங்கிய அதே வாரன்தான், இத்தகைய நிபந்தனையை நாடாளுமன்றமே அனுமதித்திருக்கிறது என்று சொல்லி மாநிலங்களின் பக்கம் நின்றார்.

இத்தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு ஃபிரெட் எட்வர்ட்ஸை நினைவிருக்கும். டெக்ஸாஸின் ஸ்பர் என்ற சிற்றூரிலிருந்து வேலையில்லாத மைத்துனரைக் காரில் ஏற்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிவந்தார். ஏழை ஒருவரை மாநிலத்துக்குள் கொண்டுவந்தது குற்றம் என்று ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். 1941 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தபோது கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் யார் தெரியுமா? ஏர்ல் வாரன்! இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல். இரண்டு முறையும் எல்லை தாண்டிய ஏழைதான் வென்றார்.

* * *

ஆக, புதிய மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்குக் கதவு திறந்தது. ஆனால் இது ரொக்க உதவியின் கதை. ரொக்க உதவியில் மாநிலத்தின் பணமும் கலந்திருந்தது. எவ்வளவு கொடுப்பது என்பதையும் மாநிலமே முடிவு செய்தது. சண்டையெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது.

உணவு உதவி வேறு வகை. உணவுக் கூப்பனை மாநில அலுவலகம்தான் கையில் கொடுக்கும். ஆனால் அதன் மதிப்பு முழுவதும் ஒன்றிய அரசின் பணம். 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் ஆரஞ்சு, நீல வில்லைகளாகத் தொடங்கி, போர்க்காலத்தில் 1943-இல் நின்றுபோன திட்டம் அது. 1961-இல் கென்னடி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மாவட்டமான மெக்டவலில் பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் முதல் கூப்பன்களைப் பெற்றது. 1964-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று. 1974-இல் நாடு முழுவதும் பரவியது.

அந்தக் காகிதக் கூப்பனுக்கு நிறைய குறைகள் உண்டு. கல்லாவில் நின்று, பின்னால் வரிசையில் நிற்பவர் பார்க்கப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு டாலர், ஐந்து டாலர், பத்து டாலர் என்று அது பணம் போலவே இருந்தாலும், யார் பார்த்தாலும் இது இனாம் என்று தெரியும். அந்தக் கூச்சத்துக்காகவே ஊர் தள்ளிக் கடைக்குப் போனவர்கள் இருந்தார்கள். தொலைந்தால் தொலைந்ததுதான். பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளும் தரகர்களும் தெருமுனையில் முளைத்தார்கள்.

இத்தனை குறைக்கு நடுவே யாரும் கவனிக்காத ஒரு பெருமை அதற்கு இருந்தது. ஒன்றிய அரசு அச்சடித்த கூப்பன் என்பதால் மாநில எல்லை அதற்குத் தெரியாது. அலபாமாவில் வாங்கிய கூப்பனை அலாஸ்காவில் கிழித்துக் கொடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற கடையாக இருந்தால் போதும்.

பிறகு வந்தது பிளாஸ்டிக்.

* * *

1984. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரம். கூப்பன் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு காந்தப்பட்டை அட்டையைக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் தேய்த்து ரகசிய எண்ணை அழுத்தினால் கணக்கில் உள்ள உணவுத் தொகை கழியும். வங்கி அட்டை வைத்திருப்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் கல்லாவில் பெரிய வேறுபாடு தெரியாது. கூப்பனின் கூச்சம் ஒரே அடியில் குறைந்தது. 1993-இல் மேரிலாண்ட் மாநிலம் முழுவதும் அட்டைக்கு மாறியது. 1996-இல் வந்த பெரிய சீர்திருத்தச் சட்டம், 2002 அக்டோபருக்குள் எல்லா மாநிலங்களும் மாறியாக வேண்டும் என்று கெடு வைத்தது. உணவுத் தொகைக்கு ஒரு கணக்கு, ரொக்க உதவிக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான மாநிலங்களில் இரண்டுக்கும் ஒரே அட்டை.

எல்லாம் நல்லதுதானே? கோளாறு அட்டையில் இல்லை, அதன் பின்னால் ஓடிய கம்பியில் இருந்தது.

ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கடையிலுள்ள இயந்திரம் அந்த மாநிலத்தின் கணினியோடு பேசும். பக்கத்து மாநிலத்து அட்டையைத் தேய்த்தால், அந்தக் கணக்கைப் போய்க் கேட்க அதற்கு வழியில்லை. இரண்டு கணினிகளையும் பேச வைக்கலாம். தொழில்நுட்பம் அப்போதே இருந்தது. வங்கி அட்டைகள் அன்றாடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. ஆனால் ஒவ்வொரு முறை பேசுவதற்கும் ஒரு சிறு கட்டணம். அதை யார் கட்டுவது என்ற கேள்வியில் எல்லாம் நின்றது.

டெக்சர்கானாவை நினைத்துப் பாருங்கள். டெக்ஸாஸ், ஆர்கன்சா இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோடு ஊரின் நடுவே போகிறது. அஞ்சல் நிலையமே கோட்டின் மேல்தான் நிற்கிறது. கேன்சஸ் சிட்டியும் இரண்டு மாநிலங்களில் கிடக்கும் நகரம். இப்படிப்பட்ட ஊர்களில் மலிவான மளிகைக் கடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மக்கள் போவார்கள். எல்லையோரக் கடைகள் சிலவற்றுக்குத் தனி ஏற்பாடு செய்து சமாளித்தார்கள். கோட்டைத் தாண்டி இன்னும் உள்ளே போனால் அதுவும் இல்லை.

எல்லையோரத்தில் வாழாதவர் பாடும் லேசில்லை. நோயில் கிடக்கும் தாயைப் பார்க்கப் பக்கத்து மாநிலம் போனவர், அறுவடை வேலைக்கு மாநிலம் மாநிலமாகப் போகிறவர், அடிக்கிற கணவனிடமிருந்து குழந்தைகளோடு அக்காள் வீட்டுக்குத் தப்பி ஓடியவர் என்று எத்தனையோ பேர். காகிதக் கூப்பன் அவர்களோடு பையில் கூடவே போயிருக்கும். அட்டையும் பையில் போயிற்று. அதற்குள் இருந்த சோறு மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. ஏழையின் மானத்தைக் காக்க வந்த முன்னேற்றம் ஏழையின் காலைக் கட்டிப் போட்டதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை. நீதிமன்றம் 1969-இல் நீக்கிய எல்லையைக் கால் நூற்றாண்டு போவதற்குள் ஒரு கணினி மறுபடி கொண்டுவந்து நட்டுவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லைதான். பசியோடு நிற்பவருக்கு அதில் என்ன ஆறுதல்?

* * *

1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. இம்முறையும் கலிஃபோர்னியா. புதிதாக வந்தவருக்கு முதல் ஓராண்டு பழைய மாநிலம் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவே கொடுப்போம் என்று 1992-இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் மூவர் குடும்பத்துக்கு மாதம் 641 டாலர். லூசியானாவிலிருந்து வந்தவருக்கு மட்டும் 190. அதை எதிர்த்து முதலில் வழக்குப் போட்ட பெண்கள் வீட்டுக் கொடுமையிலிருந்து தப்பி உறவினரிடம் வந்தவர்கள். ஏழுக்கு இரண்டு என்று சட்டம் விழுந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 2000 பிப்ரவரி 11 அன்று, அட்டையின் எல்லையும் விழுந்தது. எந்த மாநிலத்து உணவு அட்டையும் எல்லா மாநிலக் கடைகளிலும் செல்ல வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். கட்டணத் தகராறு எப்படித் தீர்ந்தது? மாநிலங்களுக்கு இடையிலான அந்தச் செலவை முழுக்க ஒன்றிய அரசு ஏற்கும், ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வரை. ஆம், அவ்வளவுதான். ஒரு பெரிய நாட்டின் ஏழைகளை மாநில எல்லைக்குள் அடைத்து வைத்திருந்த பூட்டின் விலை ஆண்டுக்கு 5 லட்சம் டாலர்! பட்ஜெட்டில் தூசு. அதற்காக எத்தனை பேர் கல்லாவில் சாமானை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்?

சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வேறு மாநிலக் கடையில் வாங்கலாம். வேறு மாநிலத்துக்கே குடிபோனால் பழைய கணக்கை முடித்துக்கொண்டு புதிய மாநிலத்தில் மனுப் போட வேண்டும். குடியிருப்பைப் பற்றிப் பொய் சொல்லி ஒரே நேரத்தில் இரண்டு மாநிலங்களில் வாங்கினால் 1996 சட்டப்படி பத்தாண்டுத் தடை. ரொக்க உதவிக்கு இந்தப் புதிய சட்டம் எந்த வாக்குறுதியும் தரவில்லை. சிப் அட்டை வைத்திருந்த ஒஹையோவும் வயோமிங்கும் விலக்குப் பெற்றன. மற்ற மாநிலங்களின் கணினிகள் ஒவ்வொன்றாக ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 2004-இல் நாடு முழுவதும் அட்டைமயம் ஆயிற்று.

பக்கத்து ஊருக்குப் போய்ப் பால் வாங்கிவரும் அளவுக்குச் சட்டம் வேலை செய்தது. ஒரு நகரமே கிளம்பி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. கத்ரீனா புயல் கரையேறியது. நியூ ஆர்லியன்ஸைக் காத்து நின்ற கரைகள் உடைந்தன. நகரத்தின் பெரும்பகுதி நீருக்குள் போனது. அந்த வாரமே பேருந்துகள் மேற்கே புறப்பட்டன. மாநில எல்லையைத் தாண்டி, டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்ற விளையாட்டு அரங்கில் ஆயிரமாயிரமாய் மக்களைக் கொண்டுபோய் இறக்கின. வீடு இல்லை, துணி இல்லை. பலரிடம் மிஞ்சியிருந்தது லூசியானா அரசு கொடுத்த ஓர் அட்டை.

ஹூஸ்டன் கடைகளின் இயந்திரங்களுக்குப் பழக்கமானது டெக்ஸாஸின் ‘லோன் ஸ்டார்’ அட்டை. இப்போது வரிசையில் நிற்பவர்கள் நீட்டுவதோ ‘லூசியானா பர்ச்சேஸ்’ அட்டை. கல்லாவில் இருப்பவர் வாங்கித் தேய்க்கிறார். புயலில் பாதி நிலைகுலைந்த ஒரு மாநிலத்தின் கணக்கிலிருந்து பதில் வருமா? வந்தாலும், இனி ஊர் திரும்ப வழியில்லாத இவர்கள் அடுத்த மாதம் எந்த மாநிலத்தின் மக்கள்?

(அடுத்த வாரம்: ஆஸ்ட்ரோடோமில் ஒரு வரிசை)