ஈமத்துக்கு இடந்தேடல்

ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தவுடன் எழும் முதல் வினா, “எங்கே கொண்டு போவது?” என்பதே. அழுதுகொண்டிருக்கும் வீட்டார் அதற்கு விடை காணும் நிலையில் இரார். ஆதலின் அவ்விடையைத் தேடித் தருதல் சூழ இருப்பாரது கடனாகின்றது. இக்கடனைத் தமிழ்நாட்டார் முற்காலத்தே எங்ஙனம் கருதினர் என்பதையும், இந்நாளில் அஃது எந்நிலையில் உளது என்பதையும் நம் குன்றத்தூர்ப் பகுதியை முன்னிட்டுச் சிறிது ஆராய்வாம்.

குன்றத்தூருக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவிலுள்ள பல்லாவரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அலெக்ஸாண்டர் ரீ என்னும் தொல்பொருளாராய்ச்சியாளர் சுட்ட மண்ணாலாகிய ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். கால்கள் பல பொருந்திய அப்பேழைகளைச் செய்த குயவர் பெயரும் அவற்றுள் வைக்கப்பட்டார் பெயரும் மறைந்தன; இறந்தாரைப் பேணிய அன்பு மட்டும் மறையவில்லை. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தாள் ஒருத்தி, தாழி செய்யும் குயவனை விளித்து, தனக்கும் இடம் போதுமாறு அதனை அகலமாக வனையும்படி இரக்கின்றாள். துயருற்றார் தம் உள்ளக்கிடக்கையைச் சொல்ல, அதனைக் கேட்டற்கு ஒருவன் இருந்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மணிமேகலை கூறும் புகார் நகரத்து ஈமப்புறங்காட்டிலே எரித்தலும், வாளா இட்டுப் போதலும், குழியிற் புதைத்தலும், தாழ்ந்த இடத்தில் அடைத்தலும், தாழியாற் கவித்தலும் ஆகிய ஐவகை முறைகளும் வழங்கின. ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னங்களில் வருண வேற்றுமை காட்டப்பட்டது உண்மையே. ஆயினும் அனைவர்க்கும் புறங்காடு ஒன்றே.

குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமானும் இத்துயரைப் பாடியுள்ளார். மயிலாப்பூர்ச் சிவநேசர், அரவு தீண்டி இறந்த தம் மகள் பூம்பாவையை எரியூட்டியபின், எலும்பையும் சாம்பரையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தே வைத்துக் காத்தனர் என்பது பெரியபுராண வரலாறு. பெற்ற மனம் தேர்ந்த இடம் அதுவாயிருந்தது.

இந்நாளில் அத்தகைய உரிமை சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டது. குடியிருப்புக்கோ குடிநீர் நிலைக்கோ 90 மீட்டருக்குள், உரிமம் பெறாத இடத்தில் பிரேதத்தைப் புதைத்தலும் எரித்தலும் ஆகா என்பது 1999-ஆம் ஆண்டின் கிராம ஊராட்சி விதி. 2024-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி சென்னையிற் கொலையுண்ட ஆம்ஸ்ட்ராங் என்னும் அரசியற்கட்சித் தலைவரைப் பெரம்பூரிலுள்ள கட்சி அலுவலகத்தில் அடக்கஞ்செய்ய அவர் குடும்பத்தார் விழைந்தனர். குடியிருப்பு நெருக்கம் முதலிய காரணங்களால் உயர்நீதிமன்றம் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, அதற்கு இசையவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துப் பொத்தூரில் உறவினர் நிலத்தில் அடக்கம் நடந்தது. பெயர் பெற்றார்க்கே இவ்வலைச்சலாயின், ஏழை எளியார் நிலை என்னாம்?

இவற்றினும் கொடியது சாதியாற் பிரிக்கப்பட்ட மயானம். 2021-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், ஊர்தோறும் பொது மயானம் அமைத்தல் வேண்டும் என்றும், சாதிப்பெயர் தாங்கிய பலகைகளை அகற்றுதல் வேண்டும் என்றும் பணித்தது. சாதிச் சங்கத்தாராகிய நாம் இதனைக் கேட்டுத் தலைகுனிதல் வேண்டுமேயன்றிச் சினத்தல் கூடாது.

ஆகவே அன்பர்காள்! நம் சங்கத்தார், அருகிலுள்ள மயானங்கள் யாவை, எவ்வலுவலகத்திற் பதிவு செய்வது, எவ்வளவு கட்டணம் என்பவற்றை முன்னரே அறிந்து எழுதி வைத்தல் வேண்டும். துக்க வீட்டுக்குச் சென்றால், புதைத்தலோ எரித்தலோ, வீட்டார் விருப்பத்தை முதலிற் கேட்டல் வேண்டும். நம் கருத்தைத் திணித்தல் தகாது. பின்னர் உடன் சென்று இடத்தைக் காட்டி, காரியம் முடியுங்காறும் நிற்றல் வேண்டும். அழைப்பவர் நம்மவரா பிறரா என்று அந்நேரத்தில் வினவற்க. பல்லாவரத்துப் பேழையில் எலும்பு இருந்தது, சாதி இருந்ததில்லை.