சாய்கோட்டின் சரித்திரம்



எங்கள் ஊர் எங்குள்ளது என்று வினவுவோர்க்கு, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, புளியங்கூடல் எனப் பெரியதிலிருந்து சிறியதற்குப் படிப்படியாக இறங்கி விடை கூறுகின்றோம். கணினியும் தன்னிடமுள்ள கோப்பினை அடைவு, உள்ளடைவு, கோப்பு என்னும் இம்முறையிலேயே தேடிச் செல்கின்றது. அப்பாதையில் ஒரு பெயரை அடுத்த பெயரினின்று பிரிப்பதற்கு ஒரு குறி வேண்டும். அக்குறி கணினிக்குக் கணினி வேறுபட்டது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

அடைவுக்குள் அடைவு என்னும் அமைப்புக்கு முன்னோடியாக விளங்கியது, 1960களில் உருவான மல்டிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையாகும். அது '>' என்னும் குறியைக் கையாண்டது. 1969இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ், '/' என்னும் சாய்கோட்டைத் தேர்ந்துகொண்டது. அதன் வழிவந்த லினக்ஸ் இன்றும் அதனையே போற்றுகின்றது.

1981இல் ஐ.பி.எம். கணினிக்கென மைக்ரோசொப்ட் வெளியிட்ட டாஸ் முறைமையில் உள்ளடைவுகளே இருக்கவில்லை. ஆகவே பாதைக்குறியும் வேண்டப்படவில்லை. ஆயின், கட்டளையோடு சேர்க்கும் விருப்பத்தெரிவுகளைக் காட்டுதற்குச் சாய்கோடு அங்கே பயன்பட்டது. 1983இல் இரண்டாம் பதிப்பு உள்ளடைவுகளுடன் வந்தபோது, சாய்கோட்டின் ஆசனத்தில் வேறொன்று அமர்ந்திருந்தது! பழகிய கட்டளைகளைக் குலைக்க விரும்பாமையால், எதிர்ப்புறம் சாய்ந்த '\' என்னும் பின்சாய்கோடு பாதைக்குறியாயிற்று. விண்டோஸ் அம்மரபையே பெற்றது.

ஜப்பானியர் தமது குறிமுறையில் பின்சாய்கோட்டின் இடத்தை யென் நாணயக் குறிக்கு அளித்திருந்தனர். அதனால் அந்நாட்டு விண்டோஸ் கணினிகளில் கோப்பின் பாதை நாணயக் குறிகளால் பிரிக்கப்பட்டுத் தோன்றலாயிற்று. பழைய மக்கின்தொஷ் கணினிகளோ முக்காற்புள்ளியைக் கையாண்டன. 2001இல் யுனிக்ஸ் வழிவந்த புதிய முறைமைக்கு மாறியபோது அவையும் சாய்கோட்டினை ஏற்றன.

இச்சிறு வேற்றுமையால் விளையும் இடரை யானும் கண்டதுண்டு. எம் மாணவர் சிலர் தீவகத்தின் சரித்திரத்தைப் படங்களோடு காட்டும் செய்நிரலொன்றை விண்டோஸ் கணினியில் இயற்றினர். விழாநாளன்று அதனை லினக்ஸ் கணினியில் இயக்கியபோது, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையின் படம் உட்பட ஒன்றேனும் தோன்றவில்லை. படங்கள் அனைத்தும் அக்கணினியிலேயே இருந்தன. ஆனால் லினக்ஸுக்குப் பின்சாய்கோடு பெயரில் வரத்தக்க ஓர் எழுத்தே. ஆதலின் முழுப் பாதையையும் ஒரே கோப்பின் பெயரெனக் கொண்டு தேடி, அது காணாது நின்றது. பல வாரம் உழைத்த பிள்ளைகளின் முகம் வாடியதை யான் மறந்திலேன்.

பரிகாரம் எளிது. பாதைக்குறியைக் கையால் எழுதாது, பெயர்களை மட்டும் கொடுத்து இணைக்கும் பணியைக் கணினி மொழியிடமே விட்டுவிடலாம். பைதன் போன்ற மொழிகளில் அதற்கெனக் கருவிகள் உள்ளன. அன்றிச் சாய்கோட்டினையே எழுதினும், விண்டோஸில் இயங்கும் செய்நிரல்களில் அது பெரும்பாலும் ஏற்கப்படும்.

அன்றைய வசதிக்காகச் செய்த தெரிவொன்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் எங்கள் தீவுப் பிள்ளைகளின் உழைப்பை மறைத்தது. இன்று நாம் வகுக்கும் சிறு வழக்கமும் நாளை வருவோர் நடக்கவேண்டிய பாதையாகும். அதனை எண்ணியே எதனையும் வகுப்போமாக.