பிக்கப்பை உயர்த்தப் போகிறீர்களா?

சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் மண்பாதை மட்டும் மாறவில்லை. மழைக்குப் பின் சக்கரத் தடம் ஆழமாகி, ஹைலக்ஸ், டிரைட்டன் வண்டிகள்கூட வயிறு தட்டி நின்றுவிடும்.

பாடி லிஃப்ட் என்பது சேசிஸுக்கும் பாடிக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்துவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் சேசிஸ் இருந்த உயரத்திலேயே இருக்கும். சேற்றுப் பாதைக்கு அது மட்டும் உதவாது. சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் ஸ்பிரிங், அப்சோர்பர் மாறி, சேசிஸே உயரும். அப்போதும் பின் அச்சின் டிஃப்ரன்ஷியல் உயராது. அதற்குப் பெரிய டயர்தான் வழி. தடத்தின் நடுமேட்டில் பெரும்பாலும் இடிப்பதே அதுதான்!

தோட்டத்துக்கு 2 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் முன் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து, இணைப்பு தேயும். குலை ஏற்றுபவர்கள் வழக்கமான சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்குங்கள். காலியாக ஓடும் வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் இடுப்பு கழன்றுபோகும். பொருத்தியதும் அலைன்மெண்ட், பிரேக் குழாயின் நீளம், முகப்பு விளக்கின் சாய்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்த வண்டி எளிதில் சாயும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகளில் பழைய வேகம் கூடாது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டியை இப்படி மாற்ற ஜேபிஜே அனுமதி வேண்டும். பட்டறைக்காரரின் வாய்மொழி அனுமதியாகாது. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.