கடல் கடந்தவரின் நஸபு

கி.பி. 1635-ஆம் ஆண்டு. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழைக் கடற்கரையில் வர்ஜீனியா என்னும் ஆங்கிலக் குடியேற்றம் தோன்றி 28 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜார்ஜ் மெனிஃபீ என்னும் வணிகர் அங்கே நிலம் வேண்டித் தம் கணக்கில் கடல் கடந்து வந்த ஆட்களின் பெயர்ப்பட்டியலைப் பதிவு செய்தார். அப்பட்டியலில் ஒரு பெயர், ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்பது. அமெரிக்க மண்ணை அடைந்த இந்தியருள் ஏட்டில் இடம்பெற்ற முதல் மனிதர் இவரே என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அப்பட்டியல் மனிதர்களை நினைவில் வைப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஓர் ஆளைத் தம் செலவில் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு 50 ஏக்கர் நிலம் வழங்கும் வழக்கம் வர்ஜீனியாவில் இருந்தது. ஆக, டோனியின் பெயர் எழுதப்பட்டது நிலக்கணக்குக்காகவே. அவருடைய தந்தை யார், தாய் யார், பிறந்த ஊர் எது, பேசிய மொழி எது என்று எவரும் கேட்டு எழுதவில்லை. ஒரு பெயரும் ஓர் அடைமொழியும் மட்டும் எஞ்சின.

அந்த அடைமொழியிலும் ஒரு செய்தி உண்டு. 1492-இல் கொலம்பஸ், தாம் சென்றடைந்த தீவுகளை இந்தியா என்று எண்ணி, அங்கு வாழ்ந்த மக்களை ‘இந்தியர்’ என்றழைத்தார். அந்தப் பிழை நிலைத்துவிட்டது. பிற்பாடு உண்மையான இந்தியர் அங்கு வந்து சேர்ந்தபோது அவர்களைப் பிரித்துக் காட்டக் ‘கிழக்கு’ என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுத்தர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால், காவிரிக்கரையில் பிறந்தவரும் அமெரிக்கப் பழங்குடி மகனும் ஏட்டில் ஒருவரே ஆகிவிடுவர். வர்ஜீனியா, மேரிலாந்து மாநிலங்களின் பழைய ஏடுகளைத் துருவி ஆராய்ந்த பால் ஹைனெக் என்பவர், கிழக்கிந்தியர் என்று குறிக்கப்பட்ட மேலும் பலரை எடுத்துக்காட்டியுள்ளார். அவர்களின் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் ‘கலப்பினத்தார்’, ‘நீக்ரோ’ என்னும் தலைப்புகளின் கீழ் எழுதப்பட்டுத் தம் அடையாளத்தை இழந்தனர். இன்று அங்கே தம் மூதாதையைத் தேடும் குடும்பத்தார் பலர், அந்த ஒரு சொல் கிடைக்குமா என்றே ஏடு ஏடாகப் புரட்டுகின்றனர்.

டோனி நம்மவரா? நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவரா? இக்கேள்வி தமிழர் எவர்க்கும் இயல்பாகவே எழும். அரபுப் புவியியலாளர் ‘மஃபர்’, அதாவது கடந்து செல்லும் துறை, என்று பெயரிட்ட கரை நம் கரை. அக்கரையைக் கடந்து சென்றோருள் இவரும் ஒருவர் என்று எண்ணுவது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இனிமை வேறு, ஆதாரம் வேறு. சான்றுகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் காலம். சென்னையில் ஆங்கிலேயர் இடம் பெற்றது 1639-இல்தான். எனவே டோனி சென்னையிலிருந்து கம்பெனிக் கப்பல் ஏறியவர் அல்லர். ஆனால் மசூலிப்பட்டினத்தில் 1611 முதலும், பழவேற்காட்டுக்கு வடக்கேயுள்ள ஆர்மகானில் 1626 முதலும் ஆங்கிலேயருக்குப் பண்டகசாலைகள் இருந்தன. மேற்குக் கரையில் சூரத்தும் இருந்தது. ‘கிழக்கிந்தியன்’ என்னும் சொல்லோ குஜராத்தியையும் வங்காளியையும் தமிழரையும் ஒருசேரக் குறிக்கும்.

இரண்டாவது பெயர். டோனி என்பது அந்தோனியின் சுருக்கம். அக்காலத்தில் நாகப்பட்டினமும் சாந்தோமும் போர்த்துக்கீசியர் கையில் இருந்தன. முத்துக்குளித்துறையில் 1530-களிலேயே கிறிஸ்தவம் தழுவிய பரதவரிடையே போர்த்துக்கீசியப் பெயர்கள் பரவியிருந்தன. இதனைக் கொண்டு டோனி தமிழ்க்கரையினரே என்று முடிவு கட்டிவிடலாமா? இயலாது. 1621-இல் அதே வர்ஜீனியாவுக்கு வந்த ஓர் ஆப்பிரிக்கரின் பெயரும் ‘அந்தோனியோ’ என்றே பதிவாகியிருக்கிறது. பின்னாளில் விடுதலை பெற்று அந்தோனி ஜான்சன் எனப் பெயர் பெற்றவர் அவர். அப்பெயரை எசமானரும் சூட்டலாம்; மாலுமிகளும் சூட்டலாம். பெயர் யார் யார் கைகளைக் கடந்து வந்தார் என்பதை ஓரளவு காட்டுமேயன்றி, எந்த மடியில் பிறந்தார் என்பதைக் காட்டாது.

மூன்றாவது வழி. இந்தியாவிலிருந்து ஒருவர் அமெரிக்கா செல்ல அன்று வழி இருந்ததா? இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக இருந்த சர் தாமஸ் ஸ்மித் வர்ஜீனியாக் கம்பெனியையும் நிர்வகித்தவர். பாட்ரிக் கோப்லண்ட் என்னும் கம்பெனிப் பாதிரியார் 1614-இல் ஒரு வங்காளச் சிறுவனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1616-இல் இலண்டனில் அச்சிறுவனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, ‘பீட்டர்’ என்னும் பெயரைத் தேர்ந்தவர் மன்னர் முதலாம் ஜேம்ஸ். அதே கோப்லண்ட் பின்னர் கம்பெனிக் கப்பலில் வந்தோரிடம் நிதி திரட்டி, வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக்கூடம் அமைக்க முயன்றார். ஆக, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இலண்டன் துறைமுகம் ஒரு பாலமாக நின்றது உறுதி. டோனி அப்பாலத்தின் வழியே சென்றிருக்கலாம்.

‘சென்றிருக்கலாம்’ என்பதோடு நாம் நிற்க வேண்டும். மதரஸாவில் நாம் கற்ற பாடங்களில், ‘யகீன்’ எனும் உறுதிக்கும் ‘ழன்னு’ எனும் ஊகத்துக்கும் இடையே வகுக்கப்பட்ட எல்லை தலையாயது. டோனி இந்தியர் என்பது ஏட்டின் சாட்சி. சோழமண்டலத்தார் என்பது ஊகம். பிருந்தா சாரி என்னும் எழுத்தாளர் 2023-இல் வெளியிட்ட ஆங்கில நாவலில் டோனியைச் சோழமண்டலக் கரைச் சிறுவனாகப் படைத்திருக்கிறார். நாவலுக்கு அந்த உரிமை உண்டு. வரலாறு எழுதுவோருக்கு இல்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அந்நாட்டில் ஒருவரின் பிறப்பு மூலம் அவரது விடுதலையையே தீர்மானித்தது என்பதுதான் விடை. 1662-இல் வர்ஜீனியா இயற்றிய சட்டம், தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்றது. 1682-ஆம் ஆண்டுச் சட்டம், வெளியிலிருந்து கொண்டுவரப்படும் நீக்ரோக்கள், மூர்கள், கலப்பினத்தார், இந்தியர் ஆகியோருள், பெற்றோரும் தாய்நாடும் கிறிஸ்தவம் சாராதவர்களை அடிமைகள் என்று வகுத்தது. எனவே ஒரு பெண் தன் பாட்டியின் மூலத்தை மெய்ப்பிக்க முடிந்தால் அவள் பிள்ளைகளும் பேரர்களும் விடுதலை பெறலாம். முடியாவிட்டால் தலைமுறை தலைமுறையாக அடிமைகள். 1806-இல் ஹட்ஜின்ஸுக்கும் ரைட் குடும்பத்தாருக்கும் நடந்த வழக்கில் வர்ஜீனியாவின் மேல்நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. வெள்ளையராகவோ பழங்குடி இந்தியராகவோ தோன்றுபவரைச் சுதந்திரர் என்றே முதலில் கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கராகத் தோன்றுபவரோ தாம் சுதந்திரர் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. முகமே சாட்சியாகிவிட்டது!

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களின் ‘லகீத்’ என்னும் பாடம் நம் நினைவுக்கு வருகிறது. தெருவில் கண்டெடுக்கப்பட்ட, பெற்றோர் அறியப்படாத குழந்தையைப் பற்றியது அப்பாடம். அக்குழந்தை சுதந்திரமானது என்பதே நம் இமாம்களின் தீர்ப்பு. மனிதனின் அடிப்படை நிலை விடுதலையே. அதற்கு மாறாகக் கூறுபவர்தாம் சாட்சி கொண்டுவர வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய ஒரு குழந்தையைச் சுதந்திரமானது என்று அறிவித்து, அதன் பராமரிப்புச் செலவைப் பொது நிதியின் பொறுப்பில் வைத்தார்கள். முஸ்லிம் நாடுகளிலும் அடிமை முறை நிலவிற்று; முஸ்லிம் வணிகரும் மனிதரை விற்று வாங்கினர். இதனை மறைப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆயினும் மூலம் தெரியாதவர் என்னும் ஒரே காரணத்தால் ஒருவரைத் தாழ்த்தலாகாது என்னும் விதி, நூலில் எழுதப்பட்டு நம் கையில் இருக்கிறது என்பதும் உண்மையே.

வெற்றிடத்தைக் கண்டால் அதனை நிரப்பத் துடிப்பது மனித இயல்பு. இதற்கு உலகறிந்த உதாரணம் அலெக்ஸ் ஹேலி. 1976-இல் வெளிவந்த ‘வேர்கள்’ என்னும் நூலில், தம் மூதாதை காம்பியா நாட்டு முஸ்லிமான குந்தா கிந்தே என்றும், 1767 செப்டம்பர் 29-ஆம் நாள் அனாபொலிஸ் துறையை அடைந்த ‘லார்ட் லிகோனியர்’ என்னும் கப்பலில் அவர் கொண்டுவரப்பட்டார் என்றும், ‘டோபி’ எனப் பெயர் மாற்றப்பட்டார் என்றும் எழுதினார். அதே வாரத்தில்தான் நாம் வாழும் திருவண்ணாமலையில் ஹைதர் அலியும் நிஜாமும் கர்னல் ஸ்மித்தின் படையோடு பொருதினர் என்பதை எண்ணினால், அக்காலம் நமக்கு அண்மையில் வந்து நிற்கிறது.

ஹேலியின் நூல் கோடிக்கணக்கானவர் நெஞ்சைத் தொட்டது. ஆனால் 1981-இல் மில்ஸ் தம்பதியர் வர்ஜீனியா ஏடுகளை ஆராய்ந்து, டோபி என்பவர் அக்கப்பல் வருவதற்கு 5 ஆண்டுகள் முன்பே, 1762-இல், அப்பண்ணைக் குடும்பத்தின் ஏட்டில் காணப்படுகிறார் என்று காட்டினர். காம்பியாவில் குலவரலாறு சொன்ன முதியவர் முறையாகப் பயின்ற பாணர் அல்லர் என்று டொனால்ட் ரைட் என்னும் வரலாற்றாசிரியர் அதே ஆண்டில் எழுதினார். ஹதீஸ் கலையின் மொழியில் சொன்னால், அறிவிப்பாளர் தொடராகிய ‘ஸனது’ நடுவே அறுந்துவிட்டது. அதனால் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் அடிமைகளாக அமெரிக்கா சென்ற வரலாறு பொய்யாகிவிடவில்லை. உமர் இப்னு ஸயீத் என்பவர் அங்கே அடிமையாக இருந்து 1831-இல் அரபியில் எழுதிய தன்வரலாறு இன்றும் இருக்கிறது. பொதுவான வரலாறு மெய். அதிலிருந்து ஒரு குடும்பத்துக்கு இழுக்கப்பட்ட கோடு ஐயத்துக்குரியது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கல்வி.

நம் ஊரிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்றும், அண்ணாமலையாரே மகனாக நின்று அவருக்குக் கடன் செய்கிறார் என்றும் கோயில் மரபு கூறும். ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் அச்சடங்கு நடைபெறுகிறது. வரலாற்று நூல்களோ, வல்லாளருக்குப்பின் அவர் மகன் விருபாட்ச வல்லாளர் பட்டமேறியதாகக் கூறுகின்றன. மரபு பக்தியின் பொருட்டு நினைவு கூர்கிறது. ஏடு ஆட்சியின் பொருட்டுக் குறித்து வைக்கிறது. ஓர் அரசரின் குடும்பத்திலேயே நினைவும் ஏடும் இரு வழி சென்றால், எளிய குடும்பங்களைப் பற்றிக் கேட்பானேன்!

இனி நம் வீடுகளுக்கு வருவோம். “எங்கள் மூதாதை அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்” என்னும் சொல் நம் குடும்பங்கள் பலவற்றில் வழங்குகிறது. அரபு வணிகர் நம் கரைக்கு வந்ததும், இங்கேயே மணமுடித்துத் தங்கியதும் மறுக்க முடியாத வரலாறு. ஆனால் அவ்வரலாறு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிச் சாசனம் ஆகாது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே கலிமாச் சொன்ன முன்னோரின் வழிவந்தவர்களும் நம்மில் எண்ணற்றோர். அவர்களைக் குறைத்து மதிப்பதற்கும், பெண் கேட்டு வந்தால் ‘மூலம் என்ன?’ என்று வினவித் திருப்பி அனுப்புவதற்கும் அந்த அரபு மூதாதையின் பெயர் பயன்படுமானால், அது நஸபு அன்று, பெருமை மட்டுமே. அமெரிக்காவில் நிறவேற்றுமைக்கு அஞ்சிய சில குடும்பங்கள் தம்மைப் ‘போர்த்துக்கீசியர்’ என்று சொல்லி வந்தன. மெலஞ்சன் எனப்படும் அக்குடும்பங்களின் மரபணுவை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட முடிவுகள், அவர்களின் தந்தைவழிகள் பலவும் ஆப்பிரிக்காவுக்கே செல்வதைக் காட்டின. அவர்கள் அச்சத்தால் மூலத்தை மாற்றிச் சொன்னார்கள். நாம் எதனால் மாற்றிச் சொல்கிறோம்?

நஸபைத் தேடுவது வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தேட வேண்டும்; ஆனால் முறையாகத் தேட வேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத்தின் திருமணப் பதிவேடுகள், அடக்கத்தலத்து மீஸான் கற்கள், பழைய நிலப் பத்திரங்கள், பாட்டிமார் பெட்டிகளில் உறங்கும் அரபுத்தமிழ்க் கடிதங்கள் ஆகியவற்றைக் கரையான் தின்னுமுன் பார்த்து எழுதிவைக்க வேண்டும். எழுதும்போது, ஏட்டில் கண்டது இது, இன்னார் சொல்லக் கேட்டது இது என்று பிரித்து எழுத வேண்டும். பாட்டன்மார் பெயரோடு பாட்டிமார் பெயரையும் எழுத வேண்டும். தொடர் அறுந்த இடத்தில் வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட வேண்டும். அந்த வெற்றிடம் பின்வரும் பிள்ளைகள் தேடத் தொடங்கும் இடமாகும். பொய்ப்பெயரை இட்டு நிரப்பினால் அத்தேடலின் வாயிலையே அடைத்தவர்களாவோம்.

நபித்தோழர் ஸாலிம் (ரலி) அவர்களை நினைவு கூர்வோம். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவரை அபூஹுதைஃபா (ரலி) அவர்கள் மகனாக வளர்த்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தை பெயராலேயே அழைக்கவும், தந்தையர் அறியப்படாவிடில் அவர்களை மார்க்கச் சகோதரராகவும் நேசராகவும் கொள்ளவும் திருக்குர்ஆனின் 33-ஆம் அத்தியாயம் வழிகாட்டியபோது, ஸாலிமின் தந்தை யாரென்று தெரியவில்லை. எவரும் அவருக்கு ஒரு தந்தையைப் புனையவில்லை. ‘அபூஹுதைஃபாவின் மௌலா ஸாலிம்’ என்றே அழைத்தனர். யாரிடம் குர்ஆனைக் கற்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிய நால்வருள் அவரும் ஒருவர். ஹிஜ்ரத் வந்த குறைஷிப் பெருமக்கள் குபாவில் அவர் பின்னே நின்று தொழுதனர்.

டோனிக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவள் அழைத்த பெயர் வேறாக இருந்திருக்கும். அப்பெயரை நாம் புனைய வேண்டியதில்லை. அது எழுதப்படாமல் போனது அவருடைய குற்றமும் அன்று. அவரை ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்றே குறித்து, அதற்கு மேல் ஏடு பேசவில்லை என்று எழுதிவைப்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய நீதி.